குழந்தையின் கடிகாரமும் விமானத்தின் நேரமும்

(நமது மும்பைக் கிளையின் விடுமுறைக் காலக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை)

 

லீவு விட்டால் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வெளிதேசம் போய்வருவது நம்மவர்களிடையே சகஜமாகிவிட்டது. முன்பு தாத்தா பாட்டி ஊருக்கு ரயிலேறுவோம். இன்றைக்கு சிங்கப்பூர், பாங்காக், துபாய். இது நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்த நான் வரவில்லை. விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்தவன் நான். அங்கே இருந்து பார்த்ததைச் சொல்லும்படி நமது செயலாளர் கேட்டுக்கொண்டார்.

விமானத்தில் குழந்தை படுத்துமா, சமர்த்தாக வருமா என்பது டிக்கெட் வாங்குகிற அன்றைக்கே பாதி தீர்மானமாகிவிடுகிறது. நாம் விலை எதில் குறைச்சலோ அதை வாங்குகிறோம். அநேகமாக அது நடுராத்திரியில் கிளம்புவதாக இருக்கும். மும்பையிலிருந்து சிங்கப்பூர் போகிற கணக்கையே பாருங்கள். பறக்கிற நேரம் சுமார் ஐந்தரை மணி. அந்த ஊர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். ராத்திரி 11.30க்குக் கிளம்பினால் இறங்கும்போது அங்கே காலை 7.30. குழந்தையின் உடம்புக்கோ அது விடியற்காலை 5 மணி.

மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்வதால் அகத்தை விட்டு ஏழரைக்கே புறப்பட்டாக வேண்டும். குழந்தை சாப்பிட்டுத் தூங்குகிற நேரம் முழுக்க க்யூவில் போய்விடும். ஏறி உட்கார்ந்தால் விளக்கு, அறிவிப்பு, சாப்பாட்டு வண்டி. ஒரு மணிக்குக் கண்ணை மூடும். நாலரைக்கு விமானம் இறங்கத் தொடங்கும்போது எழுப்புவோம். ஒன்பது மணிக்கு ஹோட்டலுக்குப் போனால், ரூம் மத்தியானம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் என்பார்கள். கீழே சோபாவில் குழந்தை புரளும். அன்று சாயங்காலமே ஊர் சுற்றிக்காட்ட பஸ் வந்து நிற்கும்! கடைசியில் "இந்தக் குழந்தையை எங்கேயும் அழைத்துப் போக முடியாது" என்று பழி அதன் தலையில் விழும்.

சில ஆயிரம் கூடினாலும் பகல் விமானத்தைப் பாருங்கள் என்பேன். அது கிடைக்காவிட்டால், முந்தின ராத்திரிக்கும் சேர்த்து ரூம் எடுங்கள். நேரே போய்ப் படுக்கலாம். நாலு நாள் பிரயாணத்தில் ஒரு நாளைத் தொலைத்துவிட்டு டிக்கெட்டில் மிச்சம் பிடித்தேன் என்பது என்ன கணக்கோ!

இப்போது சொல்லப்போவதைத் தாய்மார்கள் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். அழுதால் பக்கத்து ஸீட்காரர் முறைப்பார் என்ற பயத்தில், கிளம்புமுன் ஒரு ஸ்பூன் ஜலதோஷ மருந்தைக் கொடுத்துத் தூங்கவைக்கும் வழக்கம் இருக்கிறது. கவுண்டரிலேயே "டோஸ் கொடுத்தாச்சு, தூங்கிடுவான்" என்று சொன்னவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இது கூடவே கூடாது. அந்த மருந்து சில குழந்தைகளுக்குத் தூக்கத்தைத் தராமல், நேர்மாறாகப் பரபரப்பைத் தரும். அளவு மிஞ்சினால் மூச்சையே மந்தப்படுத்தும். பறக்கிற விமானத்தில் ஆஸ்பத்திரி ஏது? குளோர்பெனிரமின், ஃபினைலெப்ரின் இரண்டும் கலந்த ஜலதோஷ மருந்தை நாலு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று பாட்டில் மேலேயே அச்சிட வேண்டும் என, நமது நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. நமது வீட்டு அலமாரியில் இருப்பது அநேகமாக அந்த ரகம்தான். எடுத்துப் பாருங்கள். பக்கத்து ஸீட்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

விமானத்தில் குழந்தை வீறிட்டு அழுவதற்குப் பெரும்பாலும் காரணம் காது. உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பது போன்றது. அதாவது சிங்கப்பூர் போகும் வழியெல்லாம் நாம் கிட்டத்தட்ட ஊட்டியில் உட்கார்ந்திருக்கிறோம். இறங்கும்போது அரை மணிக்குள் ஊட்டியிலிருந்து கடற்கரைக்கு வருகிறோம். அழுத்தம் கூடக்கூட, தொண்டையையும் காதையும் இணைக்கும் குழாய் திறந்துகொடுக்க வேண்டும். குழந்தைகளுக்கு அது குறுகல், சட்டென்று திறக்காது. விழுங்கினால் திறக்கும். ஆகவே பாலையோ ஜலத்தையோ மிச்சம் வைத்திருந்து, இறங்கத் தொடங்கும் அறிவிப்பு வந்ததும் கொடுக்கத் தொடங்குங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையானால் கவலையே இல்லை. தூங்கினாலும் எழுப்பிவிட வேண்டும். தூக்கத்தில் விழுங்குவது குறைவு. சளி பிடித்திருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் காதைக் காட்டிவிடுங்கள்.

கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி 2006இல் வந்தது. குழந்தையின் பாலுக்கும் மருந்துக்கும் அதில் விலக்கு உண்டு. தனியே எடுத்துக் காட்டினால் போதும்.

சாப்பாட்டில் ஒரு பொறி இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போது 'ஹிந்து மீல்' என்று ஒன்று தென்படும். நமக்குத்தான் போலிருக்கிறது என்று தேர்ந்தெடுத்தால் பல கம்பெனிகளில் கோழியோ மீனோ வந்து நிற்கும்! மாட்டிறைச்சி இராது, அவ்வளவே அதன் அர்த்தம். குழந்தைகளுக்கான 'சைல்டு மீல்' என்பதும் அப்படித்தான். சைவம் என்று நிச்சயமில்லை. 'ஏஷியன் வெஜிடேரியன்' என்றால் நமது பக்கத்துச் சைவச் சாப்பாடு. வெங்காயம், பூண்டு ஆகாதவர்கள் 'ஜெயின் மீல்' கேட்கலாம். எதுவானாலும் குறைந்தது இரண்டு நாள் முன்பே சொல்லிவைக்க வேண்டும். அதற்கும் மேலே, மிளகாய்ப்பொடி அதிகம் தடவாத நாலு இட்லி கையில் இருக்கட்டும். ரயில் காலத்திலிருந்து அதற்கு நிகர் கிடையாது. துபாய் போகிறவர்கள் கசகசாவை மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள். அங்கே அது போதைப் பொருள் கணக்கில் சேர்த்தி.

போய்ச் சேர்ந்த பிறகும் குழந்தையின் கடிகாரத்தை மறக்க வேண்டாம். நாலைந்து நாள் பிரயாணத்தில் அதை மாற்றவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இங்கே காலை ஏழுக்கு எழுகிற குழந்தை சிங்கப்பூரில் ஒன்பதரைக்கு எழும். எட்டு மணி டூருக்கு அதைக் கிளப்பாதீர்கள். ராத்திரியில் பாருங்கள், அதே கணக்கு நமக்கு அனுகூலம். அங்கே நைட் ஸபாரி என்ற ராத்திரி மிருகக்காட்சி சாலை சாயங்காலம் ஏழே காலுக்குத்தான் திறக்கிறது. சின்னக் குழந்தைக்கு அகாலம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நமது குழந்தையின் உடம்புக்கு அப்போது மணி நாலே முக்கால்!

இன்னொன்று. டெல்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் வளரும் நமது குழந்தைகள் தெருவில் தமிழ் எழுத்தைப் பார்ப்பது அபூர்வம். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. ரயில் நிலையத்து எச்சரிக்கைப் பலகையில்கூடத் தமிழ் இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். டூர்க்காரர் காட்டும் இடங்களில் நாலைக் குறைத்தாலும் இதைக் குறைக்க வேண்டாம்.

இனி காகிதங்கள். பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் பாஸ்போர்ட் ஐந்து வருஷத்துக்குத்தான். பல நாடுகள் ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும் என்பதால் நாலரை வருஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு மடியில் இடம், டிக்கெட்டும் சொற்பம். ஆனால் போகும்போது ஒன்றே முக்கால் வயதாக இருந்து, வெளியூரில் இரண்டு நிறைந்தால், திரும்பும் வழிக்கு முழு ஸீட் வாங்க வேண்டும். பிறந்த நாளை அங்கே கொண்டாடப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

நமக்கென்று உள்ள சங்கடம் இனிஷியல். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்து, மற்றக் கட்டம் காலியாக இருந்தால் விஸிட் விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. அதன்பிறகு விளக்கங்கள் வந்தன என்றாலும், புதிதாகக் குழந்தைக்கு பாஸ்போர்ட் எடுப்பவர்கள் இரண்டு கட்டங்களையும் நிரப்பிவிடுவதே சிலாக்கியம். மேலும், நமது வீடுகளில் குழந்தையின் பெயரோடு அப்பா பெயர் இருக்கும். அம்மாவின் பெயரோடு அவளுடைய அப்பா பெயரே இருக்கும். அம்மா மட்டும் அழைத்துப் போனால் "இது யார் குழந்தை?" என்று வெளிநாட்டு அதிகாரி கேட்பதில் தப்பில்லை. பிறப்புச் சான்றிதழின் நகல் கையில் இருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். தாத்தா பாட்டி மட்டும் அழைத்துப் போவதானால், பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி முன் உறுதிசெய்த சம்மதக் கடிதம் ஒன்றும் வேண்டும். இவற்றைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். பெட்டி கைக்கு வருவது இமிக்ரேஷன் தாண்டிய பிறகுதான்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.