தலையில் இருப்பது எழுத்தல்ல!

(மயிலாப்பூர் கூட்டமொன்றில் பேசியது)



பாரிசவாயு கண்டு ஒருவர் விழுந்தால் நம்மவர் செய்வதென்ன? "தலையெழுத்து" என்கிறார்கள். தாயத்துக் கட்டுகிறார்கள், புறா இரத்தம் தடவுகிறார்கள், பரிகாரத்துக்கு ஓடுகிறார்கள். தலையிலே எழுத்து எங்கே இருக்கிறது? இரத்தக் குழாயல்லவா இருக்கிறது! அது அடைபட்டோ, வெடித்தோ மூளையில் ஒரு பாகம் கெடுவதால்தான் கை கால் விழுகிறது. அடைப்புத்தானென்று படம்பிடித்து அறிந்து, தகுந்தவர்களுக்கு அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். ஜோசியர் ஏட்டைப் புரட்டி முடிப்பதற்குள் அந்நேரம் போய்விடுமே! இந்த மாடவீதியில் நின்று 108 வண்டியைக் கூப்பிட எந்த நல்ல நேரம் பார்க்க வேண்டும்?

சரி, பிழைத்தபின் நடப்பது எப்படி? கெட்ட பாகத்தின் வேலையை மூளையின் மற்றப் பாகங்கள் பழக்கத்தினால் ஓரளவு ஏற்றுக்கொள்ளுகின்றன. ஆகவே டாக்டர் அனுமதித்ததும் உட்காரவும், எழுந்து நிற்கவும், விழுந்த காலில் பாரம் தாங்கவும், பிடித்துக்கொண்டு அடிவைக்கவும் தினந்தோறும் பலமுறை பழகவேண்டும். பெரிய யந்திரம் இல்லையே என்று ஏங்க வேண்டியதில்லை. 2011ல் வெளியான அமெரிக்கப் பரீக்ஷையில் 408 பேர் சேர்ந்தார்கள். யந்திரத்தில் நடந்து பழகியவர்களும், வீட்டிலேயே பயிற்சியாளரிடம் பழகியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறினார்கள். நமது சர்க்காரும் 2021ல் துவக்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியை வீட்டுக்கே கொண்டுவந்தது. எல்லோரும் பழையபடி நடப்பார்களென்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிப் பணம் பறிப்பவன் சாமியார்.

கடைசியாக ஒன்று. புருஷன் விழுந்தால் தூக்கி நிறுத்தப் பெண்ஜாதி இருக்கிறாள். பெண்ஜாதி விழுந்தால்? மூலையில் பாயைப் போட்டு "விதி" என்று விட்டுவிடுவதா? அவள் காலும் கால்தானே! பரிகாரத்துக்குப் போகும் பணத்தையும் பொழுதையும் அந்தக் காலுக்குச் செலவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.