இரு சணற் செடிகள்

நெல் மூட்டைச் சாக்கு எதனால் ஆனது என்று வினவினால், சணலால் என்ற விடை உடனே வரும். ஆனால் சணல் என்பது ஒரே செடியன்று. வங்காளத்து வயல்களில் நெருங்கிய உறவுடைய இரண்டு செடிகள் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஒன்றின் காய் உருண்டையானது, இலை கசக்கும். மற்றதன் காய் நீண்டது, இலை கசப்பற்றது. எகிப்து நாட்டார் அதனைக் கீரையாகச் சமைத்து உண்பர். முன்னதன் நாரை வெண்சணல் என்றும், பின்னதன் நாரைத் தோசாச் சணல் என்றும் வணிகர் வழங்குவர்.

இவற்றுட் சிறந்தது எது? நாரை மட்டும் நோக்கின் விடை எளிது. தோசா நார் பொன்னிறமானது. மென்மையும் வலிமையும் மிக்கது. விளைச்சலும் அதிலேயே கூடுதல். அவ்வாறாயின் வங்காள உழவன் வெண்சணலை ஏன் கைவிடவில்லை? அதற்குக் காரணம் நீர். தேங்கிய நீரை இளந்தோசாப் பயிர் தாங்காது. வெண்சணலோ ஓரளவு வளர்ந்தபின் வெள்ளத்திலும் நிமிர்ந்து நிற்கும். ஆதலால் மேட்டு நிலத்துக்குத் தோசாவும் பள்ள நிலத்துக்கு வெண்சணலும் உரியனவாயின. அழுகிப்போன பயிரின் நார் எத்துணை உயர்ந்ததாயினும் பயன் யாது?

நாரின் தரத்தைச் செடி மட்டும் முடிவு செய்வதுமில்லை. அறுத்த தண்டுகளைப் பத்து முதல் இருபது நாள்வரை நீரில் ஊறவைத்தே நாரை உரிப்பர். ஊறல் குறைந்தால் பட்டை நாரோடு ஒட்டிக்கொள்ளும். மிகுந்தால் நார் நைந்துவிடும். மெல்ல ஓடும் தெளிந்த நீரில் ஊறிய நாரே ஒளிரும். கலங்கிய குட்டையில் ஊறினால் நல்ல தோசாவும் நிறம் மங்கும்.

1947ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது ஊக்ளி ஆற்றங்கரை ஆலைகள் இந்தியாவிலும், சிறந்த சணல் நிலங்களிற் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானிலும் அமைந்தன. நாருக்கு முட்டுப்பாடு நேரவே, இந்தியாவிற் சணற் பயிர் விரிவாக்கப்பட்டது. அதனுடன் புளிச்சைப் பயிரும் பெருகியது. புளிச்சை நார் சணலினும் முரடானது. ஆயினும் நீர் தேங்காத வறண்ட நிலத்தில் அது விளைந்தது. சணலோடு கலந்து சாக்கு நெய்யவும் உதவியது.

இன்று இந்தியாவிலும் வங்காளதேசத்திலும் பெரும்பாலான சணல் வயல்களில் தோசாவே விளைகின்றது. எனினும், வெள்ளம் ஏறும் தாழ்நிலத்தில் வெண்சணலுக்கு இன்னும் இடமுண்டு. எந்தச் செடி சிறந்தது என்னும் வினாவுக்கு முன், எந்த நிலத்துக்கு என்னும் வினா எழவேண்டும்.