ஆசிரியர் மேசைக்கு வரும் வழி

நாளிதழ் ஒன்றின் முதற்பக்கத்தில் எது இடம்பெற வேண்டும், எது மாவட்டப் பக்கத்தின் மூலையில் நான்கு வரியில் முடிய வேண்டும், எது வரவே வேண்டாம் என்பதை அன்றாடம் மாலையில் கூடும் ஒரு சிலரே முடிவுசெய்கின்றனர். நாட்டின் பெரும்பகுதி மக்களுடைய வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்த எவரும் அந்தச் சிலருள் இல்லாதபோது, அம்மக்கள் வெள்ளம், வன்கொலை, தேர்தல் ஆகிய வேளைகளில் மட்டுமே செய்தியாகின்றனர். 1996-இல் பி. என். உனியால் என்னும் மூத்த இதழாளர், தில்லியில் தலித் செய்தியாளர் ஒருவரைத் தேடியலைந்தும் காணமுடியாமற்போனதை ‘பயனியர்’ நாளிதழில் எழுதினார். பத்தாண்டுகள் கழித்து, 2006-இல், அனில் சமடியா, ஜிதேந்திர குமார், யோகேந்திர யாதவ் ஆகியோர் தில்லியிலிருந்து இயங்கிய 37 ஊடகங்களில் முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்த 315 பேரைக் கணக்கெடுத்தபோது, அவர்களுள் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை. இடைப்பட்ட பத்தாண்டுகளில் இதழியல் கல்லூரிகள் பெருகின, தொலைக்காட்சிச் செய்தி அலைவரிசைகள் பெருகின. ஆசிரியர் மேசை மட்டும் மாறவில்லை.

இக்குறையைத் தீர்க்கப் பணம் வேண்டும் என்பதை ஒடுக்கப்பட்டோர் இதழியல் தொடக்கத்திலேயே அறிந்திருந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ இதழையும், அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் காலணா விலையுள்ள ‘ஒரு பைசாத் தமிழ’னையும் சென்னையில் தொடங்கினர். அம்பேத்கர் 1920 ஜனவரி 31-இல் ‘மூக்நாயக்’ என்னும் மராத்தி இதழைத் தொடங்கியபோது, கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜ் 2,500 ரூபாய் நன்கொடை அளித்தார். அவ்விதழைப் பற்றிய விளம்பரத்தைக் கட்டணம் செலுத்தி வெளியிடக் கேட்டும் ‘கேசரி’ இதழ் மறுத்துவிட்டது. நன்கொடை இதழைத் தொடங்கிவைத்தது. ஆனால் தொடர்ந்து நடத்தும் வருவாய் அமையாமையால் மூன்றாண்டளவில் ‘மூக்நாயக்’ நின்றுபோயிற்று. தொடக்கச் செலவுக்குக் கொடுப்போர் உண்டு, நாலாம் ஆண்டுச் செலவுக்குக் கொடுப்போர் அரியர் என்னும் இந்த நிலை அதன்பின்னும் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது.

அமெரிக்க நாட்டின் அனுபவம் இதற்குத் தெளிவான சான்று. நகரக் கலவரங்களின் காரணத்தை ஆராய அமைக்கப்பட்ட கெர்னர் ஆணையம், 1968-இல் வெளியிட்ட அறிக்கையில் ஊடகங்களுக்கென ஓர் இயலையே ஒதுக்கி, செய்திப்பிரிவுப் பணிகளில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை என்று சுட்டியது. அவ்வாண்டே ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியுடன் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சிறுபான்மை இனத்தவருக்கான கோடைகாலப் பயிற்சி தொடங்கியது; 1974-இல் அது மூடப்பட்டது. அப்பயிற்சியில் ஈடுபட்டிருந்த ராபர்ட் மேனார்டும் நண்பர்களும் அதனை அப்படியே விட்டுவிடாமல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மீண்டும் தொடங்கி, 1977-இல் தனி நிறுவனமாக்கினர். அடுத்த ஆண்டு அமெரிக்கச் செய்தித்தாள் ஆசிரியர் சங்கம், 2000-க்குள் செய்தியறைகளில் சிறுபான்மையினரின் விகிதம் மக்கள்தொகை விகிதத்தை எட்ட வேண்டுமென இலக்கு வகுத்தது. எட்டமுடியாது என்று தெரிந்தபின் 1998-இல் அந்த இலக்கைக் கால் நூற்றாண்டு தள்ளிவைத்தது. பயிற்சி பெற்றோர் ஆண்டுதோறும் செய்தியறைக்குள் வந்தனர், ஆனால் பதவி உயர்வின்றிப் பலர் வெளியேறவும் செய்தனர் என்பதே இத்தள்ளிவைப்பின் உட்பொருள்.

பயிற்சிக்கு அடுத்த வழி நல்கை; அது செய்தியாளர் ஒருவருக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட பொருளைப் பற்றி எழுத அளிக்கப்படும் உதவித்தொகையாகும். இந்திய இதழாளர் பி. சாய்நாத் 1993-இல் பெற்ற நல்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டை உள்ளிட்ட மிக வறிய மாவட்டங்களில் அவரை நெடுநாள் தங்கவைத்து, வறட்சி நிவாரணத்தின் பின்னே நடக்கும் வணிகத்தை வெளிப்படுத்திய கட்டுரைகளாகவும் 1996-இல் நூலாகவும் பயன் தந்தது. அதன் பெருமையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. எனினும் நல்கை முடிந்தவுடன் செய்தியாளர் அம்மாவட்டத்தை விட்டுச் செல்கிறார், மாவட்டத்தின் துயரம் அங்கேயே இருக்கிறது. எனவே அங்கேயே பிறந்து அங்கேயே வாழும் ஒருவரைச் செய்தியாளராக்குவது இதனினும் கடினமான, இதனினும் தேவையான பணியாகிறது.

உத்தரப் பிரதேசத்தின் சித்திரகூட மாவட்டத்தில் 2002-இல் தொடங்கிய ‘கபர் லஹரியா’ அப்பணியைச் செய்துகாட்டியது. பெண்கல்விக்காக இயங்கிய ‘நிரந்தர்’ அமைப்பின் துணையுடன், பெரும்பாலும் தலித் பெண்கள் நடத்திய இந்தப் புந்தேலி மொழி இதழில், சிறிதளவே பள்ளி சென்றவர்களும் வயதுவந்தபின் எழுத்தறிந்தவர்களும் செய்தியாளராயினர். யார், எப்போது, எங்கே என்னும் வினாக்களைக் கேட்பது, காவல் நிலையத்தில் வழக்குப் பதிவு செய்யப்பட்டதா என்று நின்று விசாரிப்பது, இருதரப்புச் சொல்லையும் எழுதுவது ஆகியவற்றோடு பயிற்சி முடிந்துவிடவில்லை. செய்தியைத் திருத்துவதும், பக்கம் அமைப்பதும், அச்சான இதழை ஊர் ஊராகச் சென்று விற்பதும் அவர்களுடைய வேலையாகவே இருந்தன. பின்னர்க் கைப்பேசி வழியான காணொளிச் செய்திக்கு மாறியபோது, அக்கருவியை அதுவரை கையாளாதவர்களுக்கு எழுத்துக்களையும் பொத்தான்களையும் உடன்பணியாளர்களே கற்பித்தனர். இவர்களைப் பற்றிய ‘ரைட்டிங் வித் ஃபயர்’ ஆவணப்படம் 2022-இல் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டபோது, தங்கள் பணியின் ஒரு பகுதியையே முழுமைபோல் அது காட்டுகிறதென அவர்கள் வெளிப்படையாக அறிக்கை விட்டனர். புகழ் வரும் வேளையிலும் தம் சித்திரத்தைத் தாமே திருத்தும் இத்துணிவு, எதை எழுதுவது என்று முடிவுசெய்யும் உரிமையைப் பல்லாண்டு கையில் வைத்திருந்தவர்களுக்கே வரும்.

ஆனால் தமிழ் நாளிதழ்களின் தாலுகா நிருபர்களுள் பலர், போதிய மாத ஊதியமின்றி, விளம்பரம் பிடித்துத் தரும் கழிவுத் தொகையையும் நம்பி வாழ்கின்றனர். விளம்பரம் தருகிற கல்குவாரி உரிமையாளரைப் பற்றி அவர்களால் என்ன எழுத முடியும் என்பதை விளக்க வேண்டியதில்லை. வசதியற்ற குடும்பத்துப் பிள்ளை இத்தொழிலுக்கு வந்து நிலைப்பதைப் பயிற்சியின்மையைவிட இந்த ஊதியமின்மையே மிகுதியும் தடுக்கிறது. ஆகவே ஒருவாரப் பயிலரங்குக்கும், ஆண்டுக்கொரு பரிசுக்கும், பொன்னாடைக்கும் செலவாகும் தொகையை, இருளர் குடியிருப்பிலிருந்தோ மலையகத் தோட்ட லயத்திலிருந்தோ வரும் ஓர் இளைஞர் செய்தியாளராகி, துணையாசிரியராகும் வரையிலான ஐந்தாண்டு ஊதியமாக மாற்றித் தருவதே பொருத்தமான அறமாகும். அப்பணத்தைக் கொடுப்போர் எந்தச் செய்தியிலும் தலையிடுவதில்லை என்று எழுத்தில் உறுதியளித்தலும் வேண்டும். இதழியலுக்கென அறக்கட்டளை நிறுவ எண்ணும் தமிழன்பர்கள், தாலுகா நிருபர் ஒருவருடைய மாதச் சம்பளத்திலிருந்து தங்கள் கணக்கைத் தொடங்குமாறு இவ்வுரை கேட்டுக்கொள்கிறது.