மதாமா, மத்முவசெல்லா?



பிறமொழி ஒன்றைக் கற்கப் புகுவோர் முதலில் அதன் இலக்கணத்திற்கு அஞ்சுவர். ஆயின் அம்மொழி பேசும் மக்களிடையே போய் நின்றவுடன் அவர்கள் எதிர்ப்படும் முதல் இடர்ப்பாடு வேறொன்று. எதிரே நிற்பவரை எவ்வாறு விளிப்பது என்பதே அது. பிரெஞ்சு மொழியில் ஆடவரை விளித்தல் எளிது. 18 வயதினராயினும் 80 வயதினராயினும், மணமானவராயினும் ஆகாதவராயினும், ‘முசியே’ என்னும் ஒரு சொல்லே போதும். பெண்டிர்க்கோ இரண்டு சொற்கள் இருந்தன. மணமானவர் ‘மதாம்’, மணமாகாதவர் ‘மத்முவசெல்’. இவ்வாறே பழைய பாடநூல்கள் கற்பித்தன. இன்று அவ்விதியை அப்படியே பின்பற்றுபவர், பணிவாகப் பேச எண்ணியே ஒருவர் மனத்தைப் புண்படுத்திவிடக் கூடும்.

இச்சொற்களின் பிறப்பைச் சற்று நோக்குவோம். ‘மதாம்’ என்பதற்கு ‘என் தலைவி’ என்பது பொருள். இல்லத்தலைவியைக் குறிக்கும் ‘தோமினா’ என்ற இலத்தீன் சொல் இதன் மூலம். ‘மத்முவசெல்’ என்பது ‘என் சிறு தலைவி’. ஒருகாலத்தில் ஆண்பாலிலும் இதற்கு இணையாக ‘தாமுவசோ’ என்றொரு சொல் இளம் பிரபுக்களுக்கு வழங்கியது. அது வழக்கொழிந்தது, பெண்பாற் சொல் மட்டும் நிலைத்தது.

மற்றொன்றும் அறியத்தக்கது. பதினேழாம் நூற்றாண்டில் இவ்வேறுபாடு திருமணத்தை மட்டும் பற்றியதன்று. குலத்தின் உயர்வு தாழ்வையும் பற்றியது. நாடகப் பேராசிரியர் மோலியேரின் மனைவி ஆர்மாந்து பெழார், மணமான பின்னரும் ‘மத்முவசெல் மோலியேர்’ என்றே அழைக்கப்பெற்றார். உயர்குடிப் பெண்டிர்க்கே ‘மதாம்’ உரியதாக இருந்தது. 1792-இல் புரட்சியாளர்கள் இச்சொற்களை எல்லாம் விலக்கி, அனைவரையும் ‘குடிமகன்’, ‘குடிமகள்’ என்று அழைக்கச் செய்தனர். அவ்வழக்கம் நீடிக்கவில்லை, பழைய சொற்களே மீண்டு வந்தன. ஆக, மணமான பெண்ணுக்கு ஒன்று, ஆகாத பெண்ணுக்கு ஒன்று என்னும் விதி தொன்றுதொட்டு வந்த இயற்கை விதியன்று. எந்தச் சட்டமும் அதனைக் கட்டாயமாக்கியதில்லை.

இதில் என்ன தீங்கு என்று சிலர் வினவலாம். வங்கியில் கணக்குத் தொடங்கவோ வீடு வாடகைக்குப் பெறவோ சென்ற பெண்ணின் முன் ஒரு படிவம் நீட்டப்படும். அதில் ஆடவர்க்கு ஒரு கட்டம், பெண்டிர்க்கு இரண்டு. தம் பெயரைச் சொல்லுமுன்னரே, தமக்குக் கணவர் உண்டா இல்லையா என்பதை முன்பின் அறியாத எழுத்தரிடம் அவர் அறிவிக்க வேண்டியிருந்தது. ஆடவரை எவரும் அவ்வாறு கேட்டதில்லை. மரியாதைச் சொல்லே விசாரணையாக மாறிவிட்டால் அதில் மரியாதை எங்கே எஞ்சும்?

2011 செப்டம்பரில் பிரான்சின் மகளிர் அமைப்புகள் இரண்டு இதனை எதிர்த்து இயக்கம் தொடங்கின. 2012 பிப்ரவரி 21-ஆம் நாள் பிரதமர் பிரான்சுவா ஃபிய்யோன் ஒரு சுற்றறிக்கை விடுத்தார். அரசாங்கப் படிவங்களிலிருந்து ‘மத்முவசெல்’ என்பதையும், அதனோடு ‘கன்னிப்பருவப் பெயர்’ என்ற தொடரையும் நீக்கப் பணித்தார். சிக்கனம் கருதி, அச்சிட்டுவைத்த படிவங்களைத் தீரும்வரை பயன்படுத்தவும் இசைவளித்தார். இதனை எதிர்த்த வழக்கை நாட்டின் உயர் நிருவாக மன்றம் அவ்வாண்டு டிசம்பரிலேயே தள்ளிவிட்டது. ஜெர்மானியர் ‘ஃபிராய்லைன்’ என்ற இத்தகைய சொல்லை 1972-லேயே அலுவலக வழக்கிலிருந்து விலக்கியிருந்தனர்.

சுற்றறிக்கை அலுவலகங்களையே கட்டுப்படுத்தும், வாய்ச்சொல்லைக் கட்டுப்படுத்தாது. ஆதலின் நாம் கொள்ளத்தக்க முறை யாது? வயதுவந்த பெண் எவராயினும் ‘மதாம்’ என்க. சிறுமியரையும் மிக இளைய பெண்களையும் ‘மத்முவசெல்’ என்று இனிமையாக அழைப்போர் இன்றும் உளர். ஐயம் தோன்றின் ‘மதாம்’ என்பதே தக்கது. கடைக்குள் நுழையும்போது ‘போன்ழூர், மதாம்’ என்று வணங்கிய பின்னரே வேண்டியதைக் கேட்டல் வேண்டும். அதனோடு குடும்பப் பெயரைச் சேர்த்துரைப்பது நுண்ணிய மரபன்று. வெறும் ‘மதாம்’ என்பதே நிறைவான மரியாதை. நெருங்கிப் பழகாதவரிடம் ‘நீங்கள்’ என்பதற்கு நிகரான ‘வு’ என்னும் சொல்லையே ஆளுதல் வேண்டும். கடிதத்திலும் ‘மதாம்’ என்று மட்டும் தொடங்கி, முடிவுரையில் அவ்விளியையே மீண்டும் எழுதுவது முறை. பெறுபவர் ஆணா பெண்ணா என்று தெரியாவிடின் ‘மதாம், முசியே’ என்று இரண்டையும் எழுதுவர்.

பதவி வகிக்கும் பெண்டிர் திறத்திலும் கருத்து வேண்டும். 2014 அக்டோபரில் பிரான்சு நாட்டு மக்கள் மன்றத்தில் உறுப்பினர் ஒருவர், அவைக்குத் தலைமை தாங்கிய அம்மையாரை ஆண்பாற் சொல்லால் ‘தலைவர்’ என்றே பிடிவாதமாக அழைத்தார். பெண்பாலில் அழைக்குமாறு அம்மையார் கேட்டும் அவர் இணங்கவில்லை. அவருடைய ஒரு மாத ஊதியத்தில் காற்பகுதி பிடிக்கப்பட்டது. பதவிப் பெயர்களின் பெண்பால் வடிவங்களைப் பிரெஞ்சுக் கழகமும் 2019-இல் ஏற்றுக்கொண்டது.

எனினும் ‘மத்முவசெல்’ என்பதை இழிசொல் என்று கொள்ளற்க. நாடக மேடையில் நடிகையர்க்கு அது பெருமைப் பெயராகவே வழங்கிவந்துள்ளது. ஆடைக் கலையில் உலகப் புகழ்பெற்ற கோக்கோ ஷனேல், 1971-இல் மறையும் வரை தம் பணியாளர்க்கு ‘மத்முவசெல்’லாகவே விளங்கினார். அவர்கள் தாமே விரும்பி ஏற்ற பெயர் அது. குறை சொல்லில் இல்லை. கேளாமலே ஒருவர் மேல் அதனைச் சுமத்துவதிலேயே இருக்கிறது.

நம் மொழியிலும் திருமதி, செல்வி என்ற இரண்டும், ஆடவர்க்குத் திரு என்ற ஒன்றும் உண்டு. ஆயினும் வழியிற் காணும் பெண்ணை ‘அம்மா’ என்று அழைக்கும் தமிழன் அவருக்கு மணமாயிற்றா என்று ஆராய்வதில்லை. பிரெஞ்சுக்காரர் ‘மதாம்’ என்ற சொல்லுக்கு இன்று அளித்துள்ள பொருளும் அதனை ஒத்ததே. பிறமொழி பயிலும் மாணவர்கள் அகராதியில் சொல்லைத் தேடுவதோடு அமையாது, அச்சொல் கேட்பவர் செவியில் எவ்வாறு ஒலிக்கும் என்பதையும் எண்ணிப் பேசுவார்களாக.