காலைப் பசியும் பள்ளி மணியும்



தாராவியின் சந்துகளில் பொழுது விடியுமுன்னரே அடுப்புகள் எரியத் தொடங்கிவிடுகின்றன. அங்கே தமிழ்க் குடும்பங்கள் அவித்தெடுக்கும் இட்லி மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் நகரின் இன்னும் பல தெருக்களுக்கும் காலை உணவாகப் போய்ச் சேர்கிறது. அதே தாராவியில், காலை ஷிப்டு மாநகராட்சிப் பள்ளிக்கு வெறும் தேநீரோடு ஓடும் பிள்ளைகளும் உண்டு. இதைத் தாயின் அசட்டை என்று சொல்வது எளிது, பொய்யும்கூட. குழாயில் தண்ணீர் வரும் நேரம், வேலைக்குப் புறப்படும் நேரம், பள்ளி மணி ஆகிய மூன்றும் ஒரே நாழிகையில் மோதிக்கொள்கின்றன.

ஒன்றிய ஆட்சியாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, வேறு பல காரணங்களுக்காக இடதுசாரிகள் எதிர்த்துவரும் அதே ஆவணம், பள்ளியில் காலை உணவு வழங்கப் பரிந்துரைத்தது. ஆயினும் 2021 செப்டம்பரில் மதிய உணவுத் திட்டத்துக்கு 'பி.எம். போஷண்' என்று புதுப்பெயர் சூட்டி ஐந்தாண்டுகளுக்கு ஒப்புதல் அளித்தபோது, காலை உணவு அதில் இடம்பெறவில்லை. பெயர் மாற்றத்துக்கு அரிசியோ பருப்போ தேவைப்படுவதில்லை அல்லவா!

தமிழ்நாடு வேறு வழியில் சென்றது. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு முயற்சிக்கு ஒரு நூற்றாண்டு கழித்து, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. முதற்கட்டத்தில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளும் ஏறத்தாழ 1.14 லட்சம் குழந்தைகளும் பயன்பெற்றனர். 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், பின்னர் ஊரக, நகர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது விரிந்தது.

ஆனால், சமைத்துவிட்டால் மட்டும் பிள்ளைகள் உண்டுவிடுவார்கள் என்பதில்லை. இந்த இடத்தில்தான் தமிழ்நாட்டின் அனுபவம் மும்பைத் தோழர்களுக்கு மிகவும் பயன்படும். உப்புமாவைக் குழந்தைகள் விரும்பவில்லை என்று தெரிந்ததும், 2025இல் திங்கட்கிழமைக்குப் பொங்கலும் சாம்பாரும் அறிவிக்கப்பட்டன. சிறு செய்திதான், எனினும் ஏழைக் குழந்தைக்கும் நாக்கு உண்டு என்பதை ஓர் அரசு ஒப்புக்கொண்ட செய்தி அது.

நாக்கைவிடக் கொடிய தடை சாதி. 2023 செப்டம்பரில் கரூர், தூத்துக்குடி மாவட்டங்களின் இரு பள்ளிகளில், தலித் பெண் சமைத்த உணவை உண்ணாதே என்று பிள்ளைகள் வீட்டிலேயே தடுக்கப்பட்டனர். கரூரில் மாவட்ட ஆட்சியரும் தூத்துக்குடியில் மக்களவை உறுப்பினர் கனிமொழியும் நேரில் சென்று குழந்தைகளோடு அமர்ந்து உண்ட பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. சமையல்காரரை மாற்றித் தீர்வு காணாதது முக்கியம். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் ஒரு நாளிதழ், பிள்ளைகள் இருவேளை உண்பதால் பள்ளிக் கழிப்பறை நிரம்புகிறது என்று முதற்பக்கத்தில் எழுதியிருந்தது. மேட்டுக்குடியின் மனம் மை வழியாக ஒழுகிய நாள் அது.

அமெரிக்காவிலும் இதே போராட்டம் நடந்தது. 1969 ஜனவரியில் ஓக்லண்ட் நகரில் கருஞ்சிறுத்தைகள் கட்சி ஒரு தேவாலயத்தில் குழந்தைகளுக்கு இலவசக் காலை உணவு வழங்கத் தொடங்கியது. எஃப்.பி.ஐ. அதனைப் பெரும் ஆபத்தாகக் கருதியது. அரசின் காலை உணவுத் திட்டமோ 1966இல் சோதனையாகத் தொடங்கி 1975இல்தான் நிரந்தரமாக்கப்பட்டது. 'ஏழைப் பிள்ளைகள் மட்டும் மணி அடிக்குமுன் வந்து உண்க' என்றால் கூச்சத்தால் பலர் வரமாட்டார்கள். வகுப்பறையிலேயே அனைவருக்கும் வழங்கினால் உண்போர் தொகை உயரும் என்பதை அந்நாட்டுப் பள்ளிகள் பட்டறிந்தன.

மகாராஷ்டிராவில் நிலை என்ன? வாரம் ஒரு முட்டை என்று 2023 இறுதியில் அறிவித்த மாநில அரசு, 2025 ஜனவரியில் அதற்கான நிதியை நிறுத்தியது. வேண்டுமானால் பொதுமக்களிடம் திரட்டிக்கொள்ளலாமாம். மும்பை மாநகராட்சியின் 2025-26 நிதிநிலை அறிக்கையோ 74,000 கோடி ரூபாயைத் தாண்டியது. பணம் இல்லை என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

ஆகவே கோரிக்கை தெளிவாக இருக்க வேண்டும். காலை ஷிப்டில் முதல் பாடவேளையிலேயே, வகுப்பறையிலேயே, வருமானம் கேளாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் சூடான உணவு. சமைப்பவர்கள் அந்தந்தப் பகுதிப் பெண்களாகவும், உரிய ஊதியம் பெறுபவர்களாகவும் இருத்தல் வேண்டும். மதிய உணவுச் சமையலருக்கு ஒன்றிய அரசு 2009இல் நிர்ணயித்த மாதம் 1,000 ரூபாய் மதிப்பூதியத்தை வைத்துக்கொண்டு காலைச் சுமையையும் அவர்கள் தலையில் ஏற்றுவது சுரண்டல் அன்றி வேறில்லை.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். இக்கோரிக்கையை அக்குழுக்களில் தீர்மானமாக நிறைவேற்றச் செய்வது கிளைகளின் முதல் வேலை. தாராவித் தோழர்கள் ஜி வடக்கு, மாட்டுங்காத் தோழர்கள் எஃப் வடக்கு, செம்பூர்த் தோழர்கள் எம் மேற்கு வார்டு அலுவலகங்களுக்குத் தீர்மான நகல்களோடு தாய்மார்களை அழைத்துச் செல்ல வேண்டும்.