"முடியாது" என்ற ஓட்டுநருக்கு வேலை இல்லையா?

(ஜவளகிரியில் லாரி ஓட்டுநர்களும் கிளீனர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை. வாசகர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



ஜவளகிரி காட்டை ஒட்டிய ஊர். பக்கத்திலேயே கர்நாடக எல்லை. பன்னார்கட்டா காட்டிலிருந்து யானைகள் வந்து போகும் வழி. தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரச் சாலைகளில் கருங்கல்லும் ஜல்லியும் ஏற்றிய லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு அந்த லாரிதான் சோறு போடுகிறது.

அந்தப் பிள்ளைகளுக்கு இடப்படும் கட்டளைகள் என்ன? அனுமதித்த எடைக்கு மேல் ஏற்று. தூங்காமல் ஓட்டி விடிவதற்குள் போய்ச் சேர். பிரேக்கை அடுத்த டிரிப்பில் பார்த்துக்கொள்ளலாம், இப்போது எடு. "முடியாது" என்று சொன்னவரை யாரும் அடிப்பதில்லை. அடுத்த லோடு அவருக்கு வராது. வாங்கிய அட்வான்ஸை உடனே திருப்பிக் கேட்பார்கள். மற்ற முதலாளிகளுக்கும் தகவல் போய்விடும். பத்து நாளில் வீட்டில் அடுப்பு அணைந்துவிடும். இதற்குப் பெயர்தான் பழிவாங்கல்!

தொப்பூர் சொல்லும் பாடம்

ஓசூரிலிருந்து சேலம் போகிறவர்கள் தொப்பூர் கணவாயைக் கடந்தாக வேண்டும். 2024 ஜனவரி 24 அன்று அங்கே லாரிகளும் கார்களும் மோதி 4 பேர் மாண்டார்கள். அந்தக் காட்சியை நாடே பார்த்தது. அந்த இறக்கத்தில் பல ஆண்டுகளாக விபத்துகள் நடக்கின்றன. இறக்கத்தில் நியூட்ரலில் ஓட்டாதீர்கள் என்று எச்சரிக்கிறார்கள்.

ஓட்டுநர் ஏன் நியூட்ரலில் போடுகிறார்? டிரிப்புக்கு இவ்வளவு டீசல் என்று அளந்து கொடுத்து, மிஞ்சாவிட்டால் சம்பளத்தில் பிடித்தால் அவர் என்ன செய்வார்? கியரை விட்டால் எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்காது. பாரம் முழுவதும் பிரேக் மேல் விழுகிறது. பிரேக் டிரம் சூடேறிப் பிடிப்பு போய்விடுகிறது. எஞ்சினையே அணைத்துவிட்டால் காற்றழுத்தமும் குறைந்துகொண்டே போகும். நாலு லிட்டர் டீசலுக்கு நாலு உயிர்! விபத்துக்குப் பிறகு பத்திரிகையில் வருவது "ஓட்டுநரின் கவனக்குறைவு" என்ற ஒரு வரிதான். டீசலை அளந்தவர் பெயர் எங்கே?

சட்டம் யாரைச் சுட்டுகிறது?

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 194ஆம் பிரிவைப் பாருங்கள். அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஓட்டுபவர் மட்டும் இதில் குற்றவாளி அல்லர், ஓட்டச் செய்பவரும் குற்றவாளியே. 113ஆம் பிரிவு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. ஓட்டுநர் வண்டியின் உரிமையாளராக இல்லாவிட்டால், உரிமையாளருக்குத் தெரிந்தே, அல்லது அவர் உத்தரவின்படியே குற்றம் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். இந்தப் பிரிவு நம் ஓட்டுநர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அபராதம் கட்டிவிட்டு அதே பாரத்தோடு போவதற்கும் அனுமதி இல்லை. மாநிலங்கள் அப்படி அனுமதித்து வந்ததை 2005இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. அதிகப்படியான பாரத்தை இறக்கிய பிறகே வண்டி நகர வேண்டும்.

ஓய்வுக்கும் சட்டம் இருந்தது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. அது 5 தொழிலாளர் உள்ள நிறுவனத்துக்கே பொருந்தியது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்துவிட்டது. இப்போது 10 தொழிலாளர் வேண்டும். ஏழெட்டுப் பேரை வைத்து வண்டி ஓட்டும் இடத்தில் இருப்பவர் வெளியே நிற்கிறார்!

அந்தத் தொகுப்பின் 14ஆம் பிரிவு, உயிருக்கு ஆபத்து என்று அஞ்சும் தொழிலாளி முதலாளியிடமும் ஆய்வாளரிடமும் தெரிவிக்கலாம் என்கிறது. நல்லது. தெரிவித்த மறுநாள் அவருக்கு லோடு கொடுக்காமல் விட்டால்? அதற்குரிய பாதுகாப்பை அந்தப் பிரிவு சொல்லவில்லை.

அமெரிக்காவில் ஒரு லாரி ஓட்டுநர்

அமெரிக்காவில் 1982 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. பாதுகாப்பற்ற வண்டியை ஓட்ட மறுத்ததற்காக ஓட்டுநரை நீக்கக் கூடாது. அல்போன்ஸ் மேடின் என்ற ஓட்டுநர் 2009 ஜனவரியில் உறைபனிக் குளிரில் நடுவழியில் நின்றார். டிரெய்லரின் பிரேக் உறைந்துவிட்டது. கேபினில் ஹீட்டரும் வேலை செய்யவில்லை. மணிக்கணக்கில் காத்திருந்தும் உதவி வரவில்லை. டிரெய்லரைக் கழற்றிவிட்டு உயிர் பிழைக்க வண்டியை எடுத்துப் போனார். வேலை போயிற்று. ஏழு ஆண்டுகள் வழக்கு நடந்தது. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. முதலாளித்துவ நாட்டில் கிடைக்கும் இந்த உரிமை நம் நாட்டு ஓட்டுநருக்கு ஏன் கூடாது?

செய்ய வேண்டியவை

சகோதரர்களே! பணி நியமனக் கடிதம் கேளுங்கள். புதிய தொகுப்பின் கீழ் வரும் நிறுவனங்கள் அதைக் கொடுத்தாக வேண்டும். மறுப்பதை வாயால் மட்டும் சொல்லாதீர்கள். "இன்ன தேதி, இவ்வளவு பாரம், பிரேக் பழுது" என்று செல்பேசியில் எழுதி அனுப்புங்கள். எடைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வேலையை விட்டு நீக்கினால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனுச் செய்யுங்கள். தனி ஒருவரின் பணி நீக்கமும் தொழில் தகராறுதான். காலம் கடத்தாதீர்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பதும், உடன் போவதும் ஊரிலுள்ள படித்த இளைஞர்களின் கடமை.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. ஒருவர் மறுத்த லோடை இன்னொருவர் எடுக்காதீர்கள். அவர் மறுத்தது உங்கள் உயிருக்காகவும்தான்.

லாரி உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. வாடகையைக் குறைத்து உங்களை நெருக்குபவர் சரக்கு அனுப்புகிறவர் என்பது எங்களுக்கும் தெரியும். அப்படியானால் அவரிடம் பேசுங்கள். ஓட்டுநரின் தூக்கத்தில் அந்த நஷ்டத்தை ஈடுகட்டாதீர்கள்.

அரசிடம் நாம் கேட்பது ஒன்றுதான். ஆபத்தான வண்டியை எடுக்க மறுத்தவரைப் பழிவாங்கினால் அது குற்றம் என்று தெளிவாக எழுதுங்கள். ஒரே வண்டி வைத்திருப்பவரிடம் வேலை செய்யும் ஓட்டுநருக்கும் அது பொருந்தட்டும். அந்தச் சட்டம் வரும்வரை, மறுக்கும் ஓட்டுநரைத் தனியாக நிற்க விடமாட்டோம் என்று இந்த ஊர் முடிவெடுக்கட்டும்.