நாடகங்களின் முடிவும் நமது கடமையும்

(ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலையில் நடந்த நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புரட்டாசிச் சனிக்கிழமைதோறும் குன்றின்மேல் எழுந்தருளியுள்ள ஸ்ரீநிவாசப் பெருமாளைச் சேவிக்கப் பல ஊர் மக்களும் திரளும் இவ்வூரில், நம்மவர் குடும்பத்துடன் கூடியிருக்கும் இச்சபையில் நாலு வார்த்தை பேசுமாறு காரியதரிசியவர்கள் எம்மைப் பணித்தார்கள். விஷயம் யாதென்று வினவினோம். உங்கள் விருப்பம் என்றார்கள். நேற்றிரவு நம் இளைஞர்கள் நடித்த நல்லதங்காள் நாடகத்தைக் கண்ட பிறகு வேறு விஷயம் தேட வேண்டிய அவசியம் எமக்கு இல்லாமற் போயிற்று. ஆதலால் நாடகங்களின் முடிவைப் பற்றிச் சிறிது பேசப் புகுகின்றோம்.

நேற்றைய நாடகத்தில் நம் இளைஞர்கள் ஒரு மாறுதல் செய்திருந்ததை எல்லீரும் கண்டீர்கள். நல்லதங்காள் கிணற்றங்கரையில் நிற்கும் தருணத்தில் அண்ணன் நல்லதம்பி ஓடி வந்து அவள் கையைப் பற்றி நிறுத்துகின்றான். குழந்தைகள் மாமனைக் கட்டிக்கொள்கின்றன. மங்களம் பாடித் திரை விழுகின்றது. சபையோர் கரகோஷம் செய்தார்கள். யாமும் செய்தோம். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது போலவும் இருந்தது. ஆயினும் வீட்டிற்குச் சென்று படுத்த பின் உறக்கம் வரவில்லை. அதன் காரணத்தையே இங்கே சொல்ல விரும்புகின்றோம்.

நம் நாட்டு நாடகங்கள் மங்களத்தில் முடிவது பழைய மரபு. வடமொழி நாடகங்களும் நாட்டுக்கு நன்மை வேண்டும் வாழ்த்தோடு முடிவனவே. இரவெல்லாம் கண் விழித்த மக்கள், விடியும் வேளையில் நல்ல சொல் கேட்டு வீடு திரும்ப வேண்டும் என்பது முன்னோர் கருத்து. அதில் குற்றம் யாதுமில்லை. ஆனால் மங்களமான முடிவு எல்லாம் ஒரே தன்மையன அல்ல என்பதை மட்டும் நாம் கவனிக்க வேண்டும்.

அரிச்சந்திர நாடகத்தை எடுத்துக்கொள்வோம். மகன் லோகிதாசன் பாம்பு தீண்டி இறந்தான். சுடலைக்குச் செலுத்த வேண்டிய கால்பணத்துக்கும் முழத்துண்டுக்கும் தாய் சந்திரமதிக்கு வழியில்லை. கேட்பவனோ அவள் கணவன். பின்னர் அவள்மீது கொலைப்பழி விழுகின்றது; தலையை வெட்ட வேண்டியவனும் அவனே. ஓங்கிய வாள் அவள் கழுத்தில் மாலையாக விழுகின்றது, மகன் எழுகின்றான், நாடு மீளுகின்றது. இம்முடிவு மங்களமே. ஆயினும் வாள் ஓங்கப்பட்டது என்பதை மறத்தலாகாது. அவன் வாளை ஓங்காது தயங்கியிருப்பின் அந்த மாலைக்கு ஒரு மதிப்பும் இராது. முழு விலையும் கொடுத்த பின்னரே தெய்வம் வந்தது.

மகாத்மா காந்தியவர்கள் சிறுவராக ராஜகோட்டையில் இருந்தபோது தந்தையாரின் அனுமதி பெற்று இந்நாடகத்தைக் கண்டார். பலமுறை கண்ணீர் விட்டதாகவும், அரிச்சந்திரனைப் போல் எல்லாரும் ஏன் உண்மையாய் இருக்கலாகாது என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டதாகவும் தம் சுய சரிதையில் எழுதியுள்ளார். திரை விழுந்த பின் அச்சிறுவர் உள்ளத்தில் நாடகம் தொடர்ந்தது என்பதே இதன் பொருள்.

நிற்க. மங்களம் பாடப்பெறாமலே முடிந்த நாடகம் ஒன்றையும் சொல்ல வேண்டும். நமக்கு அயலூராகிய சிவகாசியில் 1886-ஆம் ஆண்டு பிறந்தவர் நடிகர் விசுவநாததாஸ். புராண வேடத்தில் மேடையேறித் தேச விடுதலைப் பாடல்களைப் பாடிப் பன்முறை சிறை சென்றவர். 1940-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் இரவு, சென்னையில் சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணத்தில் முருகனாக மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் நீத்தார். அன்று வள்ளிக்குத் திருமணம் நிகழவில்லை.

அவர் மருத்துவர் குலத்தில் பிறந்தவர். அக்காரணம் பற்றியே அவருடன் மேடையில் தோன்ற மறுத்த நடிகைகளும் அந்நாளில் இருந்தனர். மதுரை கே. பி. ஜானகி அம்மாள் போன்றவர் அதைப் பொருட்படுத்தாது உடன் நடித்தனர். ஒரு சாதியாரின் சங்கத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்லுகின்றோம் என்பதை அறிவோம். சொல்ல வேண்டிய இடம் இதுவே என்றும் கருதுகின்றோம். முருகனாக வந்தபோது கை குவித்தவர்களே, வேடம் கலைந்த பின் வேறு விதமாக நடந்தார்கள். மேடையில் கண்ட முடிவு அவர்கள் வீட்டு வாசல் வரை வரவில்லை.

இனி நல்லதங்காளுக்கு வருவோம். இக்கதை நமக்குத் தூரத்துக் கதையன்று. வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் உள்ளது. அவள் விழுந்ததாகச் சொல்லப்படும் கிணறும் அங்கேயே காட்டப்படுகின்றது. நம் தாய்மார் பலர் கண்டிருப்பார்கள். மானாமதுரையில் வாழ்க்கைப்பட்டவள், பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சத்தில் ஏழு குழந்தைகளோடு பிறந்த வீடு தேடி வந்தாள். அண்ணன் வீட்டிலில்லை. அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்தினாள். பசித்த பிள்ளைகளுக்குக் காய்ச்சிய கஞ்சியும் வாய்க்கு எட்டவில்லை. ஒவ்வொரு குழந்தையாகக் கிணற்றிலிட்டுத் தானும் வீழ்ந்தாள். பிறகுதான் அண்ணன் வந்தான்; மனைவியைத் தண்டித்துத் தானும் மாண்டான்.

சிவபெருமானும் உமையும் தோன்றி மாண்டவரை எழுப்புவதாகவும் கதை சொல்வதுண்டு. ஆனால் அதிலும் ஒரு மரபில், மாண்டவர் மீள்வது உலகுக்கு ஆகாது என்று நல்லதங்காளே அந்த வரத்தை மறுத்துத் தெய்வமாகி நிற்கின்றாள். தனக்குக் கிடைத்த நல்ல முடிவை அவளே வேண்டாமென்றாள்! அரிச்சந்திரன் கதையில் தெய்வம் தந்த மாலை, விலை கொடுத்த பின் வந்தது. இக்கதையில் விலை கொடுக்க வேண்டியவன் அண்ணன். அவனோ தாமதித்து வந்தான். தாமதித்தவனுக்கு மாலை கிடையாது என்பதே இம்முடிவின் கருத்து என்று யாம் கொள்ளுகின்றோம். இக்கதை 1935-இல் தமிழிலும் 1950-இல் மலையாளத்திலும் படமாக வந்தது. மக்கள் அழுதுகொண்டே கண்டார்கள்.

நம் இளைஞர்கள் அண்ணனை உரிய நேரத்தில் வரச் செய்தார்கள். அவர்கள் உள்ளம் நல்லது. குழந்தைகள் இருக்கும் சபையென்று கருதினார்கள். அதற்காக அவர்களைக் குறை கூறோம். ஆனால் நேற்றுக் கரகோஷம் செய்த அண்ணன்மார்களாகிய நம்மைக் கேட்கின்றோம்: நாம் எதற்காக மகிழ்ந்தோம்? அவள் பிழைத்தாள் என்றா? அல்லது நம்மீது குற்றமில்லை என்று ஆகிவிட்டதென்றா?

எம் நிலையை ஒளியாமற் சொல்லி விடுகின்றோம். தகப்பனார் காலமான மறு ஆண்டு, எம் தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கினோம். கார் வைத்து அழைத்து வந்தோம். பட்டுப்புடவையும் மஞ்சள் குங்குமமும் கொடுத்தோம். பத்திரத்தை அவள் படிக்கவில்லை. படித்துப் பார் என்று யாமும் சொல்லவில்லை. "அண்ணன் சொன்னால் சரி" என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிப் போனாள். ஐந்தாறு ஆண்டு கழித்து அவள் வீட்டுக்காரர் நோயில் விழுந்தபோது, பணம் வேண்டி எம் வீட்டுக்கு வந்தாள். யாம் கதவைச் சாத்தவில்லை, சாப்பாடு போட்டோம், கொஞ்சம் பணமும் கொடுத்தோம். ஆனால் அவள் அதைத் தலை குனிந்து வாங்கினாள். தன்னுடையதையே யாசகமாக வாங்கினாள். நேற்றிரவு உறக்கம் வராததற்குக் காரணம் இதுவே.

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்று பழமொழி சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். சட்டம் தப்பவிடவில்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் தகப்பனாரின் சொந்தச் சொத்தில் மகளுக்கும் பங்கு தந்தது. 1989-இல் தமிழ்நாட்டுத் திருத்தம், அதற்குமுன் மணமாகாத பெண்களுக்குப் பிதிரார்ஜிதச் சொத்திலும் சம உரிமை வழங்கியது. 2005-ஆம் ஆண்டின் மத்திய சட்டத் திருத்தம் மணமான பெண்களுக்கும் அதை விரித்தது. அவ்வாண்டில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டுமென்பதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் தீர்த்துவிட்டது. சட்டம் கொடுத்ததைப் பாசத்தின் பெயரால் நாம் திரும்ப வாங்கிக்கொள்ளுகின்றோம். மூளி அலங்காரியைத் திட்டுவது எளிது. பத்திரத்தை நீட்டியது அண்ணன் கை அன்றோ?

ஆதலால் இச்சபையின் முன் ஒரு விண்ணப்பம். தங்கைமார் விரும்பி விட்டுக்கொடுத்தால் அதைத் தடுப்பார் இல்லை. ஆனால் நம் சங்கத்தைச் சேர்ந்த எக்குடும்பத்திலும், விடுதலைப் பத்திரம் எழுதுமுன், பங்கின் மதிப்பு இன்னதென்று எழுத்தில் காட்டி, அப்பெண் அதை ஒரு மாத காலம் தன்னிடம் வைத்திருந்து, தான் நம்பும் ஒருவரிடம் கேட்டறிந்த பின்னரே கையொப்பமிடுவது என்று ஒரு தீர்மானம் செய்வோம். சீரும் புடவையும் வேறு, பங்கு வேறு. இரண்டையும் ஒன்றாகக் கலவாதிருப்போம். எம் அளவில், தங்கைக்குரிய பங்கின் மதிப்பைக் கணக்கிட்டுக் கொடுப்பதென்று முடிவு செய்து, இன்று காலையே அவளுக்குச் சொல்லியனுப்பியிருக்கின்றோம்.

இளைஞர்களே! அடுத்த ஆண்டும் நல்லதங்காளையே நடியுங்கள். முடிவை மாற்றாமல் நடியுங்கள். குழந்தைகள் அழுதால் அழட்டும். ஏன் அப்படி நடந்தது என்று தகப்பனாரைக் கேட்கட்டும். அண்ணன் நேரத்தில் வந்து சேரும் காட்சியை வீட்டில் நாங்கள் நடிக்க முயலுகின்றோம்.